ஏரிக்கரையில் நின்றுபோன பாடை

நாகபூஷணத்துக்கு யானைகளைப் பிடிக்காது. இப்படிச் சொன்னால் ஏதோ சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதுபோல் ஆகிவிடும். அவருக்கு அது விவசாயத்துக்கு அடுத்தபடியான முழுநேர வேலையாகவே இருந்தது.

ஆந்திராவில், சாந்திபுரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, காட்டை ஒட்டிய ஊர் அவருடையது. ஒரு பக்கம் போனால் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் போனால் கர்நாடகம். யானைகளுக்கு இந்த மாநில எல்லையெல்லாம் கிடையாது. கார்த்திகையில் ராகிக் கதிர் முற்றுகிற வாசனை எட்டியதும் மந்தை இறங்கி வரும். எல்லார் நிலத்திலும்தான் புகுந்து மேயும். ஆனால் அவை தன்னைத்தான் தேடி வருகின்றன என்று நாகபூஷணம் உறுதியாக நம்பினார்.

"இந்த ஊர்ல நூறு நெலம் கீது. என்துல வந்து துன்னாதான் அதுங்களுக்கு வயிறு நெறையுது," என்பார்.

வன இலாகாவுக்கு அவர் எழுதிக் கொடுத்த மனுக்கள் நாற்பத்தொன்று. எல்லாம் தெலுங்கில், நுணுக்கி நுணுக்கி எழுதியவை. ஒன்றில் யானைகளைச் சமூக விரோதிகள் என்று குறிப்பிட்டிருந்தார். மந்தையை நடத்தி வரும் பெண் யானைக்கு வலது காது கிழிந்திருக்கும். இன்னொரு மனுவில், 'மேற்படி கிழிந்த காது' மீது உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வனக்காவலர் சிட்டிபாபு ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

அப்படிப்பட்ட நாகபூஷணம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நெஞ்சுவலி. வயது அறுபத்தெட்டு.

கடைசி நேரத்தில் அவர் மனைவி கிருஷ்ணம்மா கட்டிலருகே இருந்தாள். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அவள் குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"தக்காளிக்குத் தண்ணி உட்டியா?"

"மூணு நாளா இங்கதான கீறேன், எப்பிடி உடறது?"

அவர் 'ச்' என்று சலித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தச் சலிப்போடு போய்விட்டார் என்பது கிருஷ்ணம்மாவுக்குப் பத்து நிமிடம் கழித்து, நர்ஸ் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

மகன் சந்துரு திருப்பதியிலேயே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்த்தான். ஓடி வந்தான், அழுதான், ஆம்புலன்ஸ் பேசினான். டிரைவர் கிரண்குமார் கலகலப்பான ஆள். பாகாலா தாண்டுவதற்குள் சந்துரு எந்த லாட்ஜ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். வைகுண்ட ஏகாதசிக்கு மச்சான் குடும்பம் வருகிறது, எப்படியாவது ஒரு ரூம் போட்டுத் தர முடியுமா என்றான். அழுதுகொண்டிருந்த சந்துரு பழக்கதோஷத்தில், "ஏசியா, நான் ஏசியா?" என்று கேட்டுவிட்டான்.

சித்தூரில் மாலை வாங்க வண்டியை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் மொகிலி மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் ஸ்ட்ரெச்சர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நழுவியது. பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மா அவருடைய இரண்டு பாதங்களையும் மடியில் இழுத்து வைத்துப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அத்தனை நேரம் அவரைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்ததில்லை. பலமநேர் வரை பிடித்துக்கொண்டே வந்தாள். அழுகை மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பின்பும் வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள், "ஒரு சொட்டு கண்ணுல வருதா பாரு. கல்லு," என்று சொன்னது காதில் விழுந்தது. தப்பாகத் தோன்றவில்லை. அவளே உள்ளுக்குள் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கிடைத்ததெல்லாம் தக்காளிக்குத் தண்ணீர் விடாத விசாரம்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் குடும்பத்தில் புதைப்பது வழக்கம். சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். சந்துரு அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குப்பம் டவுனிலிருந்து மேளம் வரவழைத்திருந்தான். பாடையின் நான்கு மூலைக்கும் குலை தள்ளிய வாழைமரங்களைக் கட்டச் சொன்னான். வழியெல்லாம் தூவ ஒரு கூடை பொரி. ஒரு பெரிய பெட்டி நிறையப் பத்தாயிரம் வாலா பட்டாசு.

நாகபூஷணத்தின் தம்பி பாலையாவும் வந்திருந்தார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்று பதினோரு வருடம். ஒரு ராகி சமயத்தில் பாலையா நிலத்தில் நின்ற யானைகள் திடீரென்று நாகபூஷணம் நிலத்துக்குள் புகுந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போயின. தம்பிதான் விரட்டி விட்டான் என்றார் அண்ணன். இல்லவே இல்லை என்று தம்பி கோயில் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அதோடு சரி. இன்றைக்கு எதிர்ச்சாரியில் ஒரு வேப்பமரத்தடியில், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கோ காத்திருப்பவர்போல் நின்றிருந்தார்.

பாடையைத் தூக்குகிற நேரத்தில் சிட்டிபாபு பைக்கில் வேகமாக வந்து இறங்கினார். முதலில் பிணத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு சந்துருவைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, மந்தை ஏரிக்கு அந்தாண்ட தைலத் தோப்புல நிக்குது. ஒம்போது உருப்படி. குட்டி வேற கீது. ஏரிக்கரை வழியா போவாதீங்க. ரோட்டு மேல சுத்திக்கினு போங்க. பட்டாசு வேணவே வேணா."

"ரோட்ல சுத்துனா நாலு கிலோமீட்டரு சார். தோள் குடுக்கறவங்க கதி இன்னா ஆவறது?"

"பட்டாசாவது வேணா."

"எங்க நைனாவ அனாதப் பொணம் மாதிரி சத்தமில்லாம எடுத்துக்கினு போ சொல்றீங்களா?"

சிட்டிபாபு பாடையைப் பார்த்தார். நான்கு வாழைமரம், நான்கு குலை, ஒரு கூடை பொரி.

"இதெல்லாம் கட்டிக்கினு, பட்டாசு வேற போட்டுக்கினு போறது, அதுங்களுக்குப் பத்திரிகை வச்சி கூப்புட்ற மாதிரி கீதுப்பா," என்றார்.

யாரும் கேட்கவில்லை. மேளம் தொடங்கிவிட்டது. சிட்டிபாபு தலையில் அடித்துக்கொண்டு, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் மோட்டார் ரூமின் தளத்தில் ஏறிப் பார்க்கலாம் என்று முன்னாலேயே வண்டியை விட்டார்.

பெண்கள் ஊர் எல்லைப் பள்ளிக்கூடம் வரைதான் போகலாம். கிருஷ்ணம்மா அங்கே நின்றாள். தீச்சட்டியோடு சந்துரு முன்னால் போவதும், பாடை ஆடி ஆடி ஏரிக்கரை மேட்டில் ஏறுவதும், புங்கமரங்களுக்குப் பின்னால் மறைவதும் தெரிந்தது. பட்டாசு வெடித்தது. பத்தாயிரம் வாலா என்பது லேசில் முடிகிற சங்கதியா? வெடித்துக்கொண்டே இருந்தது. அது ஓய்வதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. பட்டாசைவிடப் பெரியது. ஒரே ஒரு பிளிறல். பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"ஏனுகுலொச்சினாயி!" என்று, யானைகள் வந்துவிட்டதாக, யாரோ தெலுங்கில் அலறினார்கள்.

அப்புறம் ஊர்வலம் திரும்பி வந்தது. போன வேகம் வேறு, வந்த வேகம் வேறு. முதலில் வந்தவன் சந்துரு. கையில் சட்டி இல்லை, தோளில் துண்டு இல்லை. அவனுக்குப் பின்னால் மேளக்காரர்கள் மேளத்தோடு, ஒருவன் மேளம் இல்லாமல். பொரிக்கூடை வைத்திருந்தவன். சங்கு ஊதுகிறவர், எழுபது வயசு, வேட்டியை மார்புவரை தூக்கிக்கொண்டு எல்லாரையும் முந்தினார். கடைசியாகத் தோள் கொடுத்த நால்வரும், நான்கு திசையிலிருந்து.

கிருஷ்ணம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள்.

"அவுரு எங்க?" என்றாள்.

நால்வரில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "போடலக்கா. எறக்கி வச்சோம். நல்லா மெதுவாத்தான் எறக்கி வச்சோம்."

கிருஷ்ணம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள். சந்துரு, "அம்மா, அம்மா" என்று கத்தினான். ஆனால் அவன் கால் வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணி, நில்லு. தனியா போவாத."

பாலையா. பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அவளும் நிற்கவில்லை, அவரும் திரும்பவில்லை. இருவரும் வயல் வரப்பில் குனிந்து குனிந்து ஓடி மோட்டார் ரூமை அடைந்தார்கள். மேலேயிருந்து சிட்டிபாபு பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். திட்டக்கூட நேரமில்லை. இரும்பு ஏணியில் ஒவ்வொருவராக ஏற்றி இழுத்துத் தளத்தில் குப்புறப் படுக்க வைத்தார்.

"மூச்சு உடாதீங்க," என்றார்.

அறுபது எழுபதடி தூரத்தில் பாடை கிடந்தது. மெதுவாக இறக்கி வைத்த பாடை மாதிரி இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு வாழைமரம் ஒடிந்து கிடந்தது. நாகபூஷணம் பாதி வெளியே வந்திருந்தார். நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு வெயிலில் மின்னியது.

அவரைச் சுற்றி அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடிய ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள்.

முதலில் விருந்துதான் நடந்தது. குட்டி யானை பொரிக்கூடையைக் கண்டுபிடித்துவிட்டது. துதிக்கையை உள்ளே விட்டு ஊதியதில் பொரி மழையாகப் பறந்தது. அதுவே பயந்து அம்மாவின் வயிற்றுக்கடியில் ஓடியது. இன்னொன்று சித்தூரில் வாங்கிய மாலையை எடுத்து, அலட்சியமாக, வெற்றிலை போடுகிறவர்கள்போல் வாயில் திணித்துக்கொண்டது. மாலை வாங்கும்போது சந்துரு சாமந்தியா ரோஜாவா என்று யோசித்தது கிருஷ்ணம்மாவுக்கு நினைவு வந்தது.

கிழிந்த காது கடைசியாகப் பாடையருகே வந்தது. நாகபூஷணத்தின் மனுக்களில் இருந்ததைவிட அது மிகப் பெரியதாக இருந்தது. நடந்து வந்தபோது சத்தமே இல்லை. அத்தனை பெரிய உடம்பு, மெத்தைமேல் நடக்கிற மாதிரி வந்தது. ஒரு வாழைமரத்தைப் பிடித்து இழுத்தது. பாடை மொத்தமாகப் புரண்டது. நாகபூஷணம் உருண்டு, முகம் வானத்தைப் பார்க்க, மண்ணில் கிடந்தார்.

"ஐயோ," என்றாள் கிருஷ்ணம்மா. சிட்டிபாபு அவள் வாயைப் பொத்தினார்.

வாழைத்தண்டு வாயில் இருக்க, கிழிந்த காது அப்படியே நின்றது. கீழே கிடப்பதைப் பார்த்தது. பிறகு தண்டைக் கீழே வைத்தது. அது தவறி விழவில்லை, பக்கத்தில் எடுத்து வைத்தது.

துதிக்கை நுனி மெதுவாக இறங்கியது. முதலில் நெற்றியைத் தொட்டது. காசு உருண்டு விழுந்தது. மூடிய கண்களின்மேல், ஒன்று மாற்றி ஒன்று. கட்டியிருந்த தாடையின்மேல். வாயருகே வந்ததும் அங்கேயே நின்றது. மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவர்கள் கை வைப்பார்களே, அதேபோல. நெடுநேரம் அப்படி வைத்திருந்தது. பிறகு மார்பு, வயிறு, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பாதங்கள். பாதத்தின்மேல் துதிக்கையைச் சுற்றி, லேசாகத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்தது.

அப்போது ஒரு சத்தம் எழுந்தது. காதில் கேட்டது என்று சொல்ல முடியாது. குப்புறப் படுத்திருந்த மூவரின் நெஞ்சுக்கடியிலும் சிமெண்டுத் தளம் அதிர்ந்தது. மற்ற யானைகள் தின்பதை நிறுத்தின. ஒவ்வொன்றாக வந்தன. சுற்றி நின்றன. குட்டி உள்ளே நுழையப் பார்த்தபோது ஒரு கால் அதை மெதுவாகத் தடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. அதற்குமேல் எதுவும் அசையவில்லை. ஏரியில் கொக்குகள் மட்டும் எழுந்து உட்கார்ந்தன.

சிட்டிபாபு முதலில் குட்டி விளையாடியதைப் போனில் வீடியோ எடுத்திருந்தார். இப்போது அதைத் தளத்தில் கவிழ்த்து வைத்தார்.

"பதினாலு வருசம் சர்வீஸ்," என்றார், மூச்சு விடுகிற சத்தத்தில். "கேள்விப்பட்டுக் கீறேன். பாத்ததில்லம்மா."

கிழிந்த காது புங்கமரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்தது. பச்சைக் கிளை. தின்னப்போகிறது என்றுதான் நினைத்தார்கள். அது கிளையைக் கொண்டுவந்து நாகபூஷணத்தின் மார்பின்மேல் போட்டது. இன்னொரு யானை இன்னொரு கிளை கொண்டுவந்தது. கால், வயிறு, கடைசியில் முகம். இலைகளுக்குள் அவர் மறைந்துபோனார். பிறகு கிழிந்த காது முன்னங்காலால் கரையின் செம்மண்ணைக் கிளறி, துதிக்கையில் அள்ளி, மேலே தூவியது. ஒருமுறை, மறுமுறை. மற்றவையும் தூவின. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தூவிய மண் கீழே விழாமல் காற்றில் நின்று சிவப்பாக எரிவதுபோல் இருந்தது.

பிறகு சும்மா நின்றன. எத்தனை நேரம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முக்கால் மணி இருக்கும் என்று சிட்டிபாபு பின்னால் சொன்னார். அந்த நேரத்தில்தான், யானைகளைப் பார்த்தபடியே, பாலையா சொன்னார்:

"அண்ணி, அன்னிக்கி நான்தான் வெரட்டி உட்டேன்."

கிருஷ்ணம்மா திரும்பவில்லை.

"என் ராகி போயிடுமேன்னு பயந்துட்டேன். டார்ச் அடிச்சி, தகரத்தத் தட்டி, அண்ணன் பக்கம் திருப்பிட்டேன். சாமி முன்னால பொய்ச்சத்தியம் பண்ணேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"டார்ச் வெளிச்சத்த மாடியில இருந்து பாத்துக்கினுதான இருந்தேன்."

"அண்ணங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னா உன்ன வெட்டியிருப்பாரு. அப்புறம் ஜெயிலுக்கு யாரு சோறு எடுத்துக்கினு போறது?"

பாலையா முகத்தைச் சிமெண்டில் வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அதைப் பார்த்தபோதுதான் கிருஷ்ணம்மா தன் கன்னம் நனைந்திருப்பதை உணர்ந்தாள். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தேடாமல் வந்திருந்தது. துடைக்காமல் விட்டுவிட்டாள்.

சூரியன் மரங்களைத் தொட்டபோது கிழிந்த காது திரும்பியது. மற்றவை வரிசையாகப் பின்தொடர்ந்தன. காட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று ஏரி மதகு ஓரமாக. இன்னொன்று நாகபூஷணத்தின் ராகி நிலம் வழியாக. மந்தை கொஞ்சமும் தயங்காமல் ராகிக்குள் இறங்கியது. அறுவடைக்கு ஒரு வாரம் இருந்த பயிர். துக்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம் என்பதுபோல், பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, ருசித்துத் தின்றுகொண்டே போயின.

"ஐயையோ, உன் ராகி," என்றார் பாலையா.

"அவுரு மட்டும் இருந்திருந்தா!" என்றாள் கிருஷ்ணம்மா. "இந்நேரம் எகிறிக் குதிச்சி, கத்தி..." சொல்லி முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்ட, வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். சிட்டிபாபு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் போனை எடுத்து மேலதிகாரிக்கு மந்தை காட்டுப்பக்கம் திரும்பிவிட்டதைத் தெரிவித்தார்.

யானைகள் போய்விட்டன என்று உறுதியான பிறகு ஊர் வந்தது. ஏரிக்கரையில் ஒரு சிறிய பச்சை மேட்டைப் பார்த்து எல்லாரும் தள்ளியே நின்றார்கள். சிட்டிபாபு நடந்ததைச் சொன்னார். முதலில் சுதாரித்தவர் ஊர்ப் பெரியவர் அண்ணாதுரை. அவருக்கு முறை முக்கியம்.

"இதுல ஒரு சிக்கல் கீது," என்றார். "மொதல் மண்ணு பெத்த புள்ள போடணும். அப்புறம் பங்காளிங்க. இங்க அது முன்னாலயே போட்டுடுச்சி."

"அத எடுத்துட்டு மறுபடியும் போடலாமா?" என்றான் சந்துரு.

"எடுத்தா தோஷம். எடுக்கலன்னாலும் தோஷம்னு தோணுது. சாஸ்திரத்துல ஆனைக்கு எடம் சொல்லலியே."

கிருஷ்ணம்மா முன்னால் வந்தாள்.

"பத்து வருசமா எட்டிப் பாக்காத சொந்தமெல்லாம் மண்ணு போட வந்துக்கீது. நாப்பது வருசம் அவுரு தெனமும் நெனச்சிக்கினு இருந்தது அதுங்களத்தான். அதுங்க போட்டா இன்னா தப்பு?"

அண்ணாதுரை யோசித்தார்.

"ஒரு எல கூட எடுக்கக்கூடாது," என்றாள் அவள். "அப்பிடியே பாடையில ஏத்தித் தூக்குங்க."

தோள் கொடுத்த நால்வரில் இரண்டு பேர், யானை தொட்டதை நாங்கள் தொட மாட்டோம் என்று பின்வாங்கினார்கள். ஒரு பக்கத்தை பாலையா தூக்கினார், யாரையும் கேட்கவில்லை. இன்னொரு பக்கத்துக்கு சிட்டிபாபு யூனிபார்மோடு தோள் கொடுத்தார். சந்துரு புதுச் சட்டிக்கு எங்கே போவது என்று தெரியாமல் வெறுங்கையோடு முன்னால் நடந்தான். பின்னால் கிருஷ்ணம்மாவும் நடந்தாள். அந்த ஊரில் சுடுகாடு வரை போன முதல் பெண்பிள்ளை அவள்தான். அன்றைக்கு அதைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கே அப்போது எது முறை என்பது கொஞ்சம் மறந்துபோயிருந்தது. மேளம் இல்லை, வெடி இல்லை. இருட்டுவதற்குள் நாகபூஷணம் இலைகளோடு குழிக்குள் இறங்கினார்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து சந்துரு திருப்பதிக்குத் திரும்பினான். லாட்ஜில் இரண்டொருவரிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தான். ஒருவர் நம்பவில்லை. இன்னொருவர் வீடியோ இருக்கிறதா என்றார். சிட்டிபாபுவிடம் இருந்ததைப் பார்த்தால் குட்டி பொரிக்கூடையோடு விளையாடுவது வரைதான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் செய்தான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, நிறுத்தினான்.

"அம்மா, மொதல்ல ஓடனது நான்தான்."

"தெரியும்டா."

"சட்டிய போட்டுட்டு ஓடனேன். திரும்பிக்கூட பாக்கல. நைனா அங்க கீறாருன்னு நெனப்பே வரல."

"நீ ஓடியாறத பாத்தப்பதான்டா எனக்கு உசுரே வந்துச்சி," என்றாள் கிருஷ்ணம்மா. "ஆனை கத்தன சத்தம் கேட்டுதா, எல்லாம் போச்சின்னு நின்னுக்கினு இருந்தேன். பாத்தா நீ வர்ற, துண்டில்லாம. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது வந்தானேன்னு இருந்துச்சி. செத்தவரு எங்க ஓடப்போறாரு? அதுக்கப்புறம்தான் அவுரத் தேடவே தோணுச்சி."

சந்துரு மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"ஏம்மா, அங்க படுத்துக்கினு பாத்தியே, எப்பிடிமா இருந்துச்சி? பயமா இல்லியா?"

சந்துரு லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, "அலோ, அலோ" என்றான்.

"மலைக்கு நாலு தபா வந்துக்கீறேன்," என்றாள். "உங்க லாட்ஜிலதான் தங்குனோம். எத்தினி மணி நேரம் கியூவுல நின்னாலும், சாமி முன்னால வந்தவுடனே ஜருகண்டி ஜருகண்டின்னு இஸ்து உட்டுடுவாங்க. கண்ண தொடச்சிப் பாக்கறதுக்குள்ள வெளிய வந்துடுவோம். ஒரு தபா கூட நல்லா பாத்ததில்லடா. அன்னிக்கி என்ன யாரும் இஸ்து உடல. வெயில் எறங்கற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன்."

கவுண்டர் முன்னால் சாவிக்காக ஒரு குடும்பம் வந்து நின்றது. சந்துரு அவர்களை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டுப் போனை இன்னும் இறுக்கமாகக் காதோடு வைத்துக்கொண்டான்.

"மொதல்ல இருந்து சொல்லும்மா," என்றான்.